கிளியின் மூச்சை எண்ணுகிற தங்கபுஷ்பம்

தங்கபுஷ்பத்துக்கு நான் அறுநூற்றைம்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். அது அவளுடைய ஒரு நாள் சம்பளம். நான் சொன்ன ஒரு பொய்யால் அந்தப் பணம் அவள் கைக்குப் போகாமல் நின்றுபோனது.

கடன் என்ற சொல்லை நான் சும்மா எழுதவில்லை. எழுபத்திரண்டு வயதாகிறது, பேங்குக்குக்கூட ஒரு பைசா பாக்கி கிடையாது. தி.நகரில் மூன்று கடை வைத்திருக்கிறேன். லேஸ், ஜிப், பொத்தான், கொக்கி, ஜரிகை நூல், பிளவுஸ் லைனிங். பாண்டி பஜார் நடைபாதையில் சாக்கு விரித்து ஊக்கு விற்றவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை என்று என் அப்பா எனக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார். காசு வந்ததும் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. நான் அதே பெயரை எட்டடிப் பலகையில் விளக்குப் போட்டு மாட்டினேன். இன்றைக்குச் சென்னையில் எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் வழி சொல்வார்.

ஆனால் எழுத உட்கார்ந்தது தங்கபுஷ்பத்தைப் பற்றி. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

என் கிளியின் பெயர் ஜிப்பு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, வால் மட்டும் சிவப்பு. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம், இதை வைத்துக்கொள்ளலாம். பதிவு செய்த காகிதம் என்னிடம் இருக்கிறது. பகலில் என்னோடு கடைக்கு வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, வருகிற பெண்களின் கைப்பை ஜிப்பை மூக்கால் திறந்துவிடும். பில் போடும் மிஷின் மாதிரி சத்தம் கொடுக்கும். "மீட்டர் எவ்ளோ?" என்று கேட்டு, "கட்டுப்படியாவாது" என்று அதுவே பதிலும் சொல்லும். அதைப் பார்க்கவே கும்பல் வரும். வந்தவர்கள் இரண்டு மீட்டர் லேஸாவது வாங்காமல் போனதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் திரும்பிப் பார்க்கிறேன், ஜிப்பு ஒற்றைக் காலில் நிற்கிறது. மற்ற காலைத் தூக்கிப் பார்த்தால் ஒரு விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடக்கிறது. விரலின் அடியில் ஜரிகை நூல் நாலைந்து சுற்றுச் சுற்றித் தோலுக்குள்ளேயே புதைந்துவிட்டது. என் கடை நூல், மீட்டர் ஏழு ரூபாய். நானே கத்தரிக்கோல் வைத்துப் பார்த்தேன். ஜிப்பு என் கட்டை விரலைக் கிழித்துவிட்டது.

கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அடையாறுக்கு ஓடினேன். அங்கே காந்தி நகர்ப் பக்கம் பறவைகளுக்கும் முயல், நாய்களுக்கும் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. டாக்டர் மதுமதிக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. அவருக்குப் பின்னால் ஒல்லியாக, தலையில் கனகாம்பரம் வைத்து, சேலைக்கு மேல் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். அவள்தான் தங்கபுஷ்பம்.

"கூண்டாண்ட போவாத நைனா" என்றாள் என்னிடம். "டாக்டரம்மா, லைட்ட அணைங்க."

அறை இருட்டானது. சின்னதாக ஒரு சலசலப்பு. விளக்கு வந்தபோது ஜிப்பு ஒரு துண்டுக்குள் இருந்தது. கடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. என் கையைக் கிழித்த பயல்!

"இருட்டுல அதுக்குக் கண்ணு தெரியாது" என்றாள். "பறக்காது. எந்தக் கை புடிச்சிதுன்னும் தெரியாது. நாளைக்கு நம்ம மேல கோவமும் இருக்காது பாரு."

பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். இரண்டு விரலைக் கழுத்தைச் சுற்றி வளையம் மாதிரி வைத்திருந்தாள். இன்னொரு கை முதுகுக்கு அடியில். நெஞ்சின் மேல் ஒரு விரல்கூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் கெட்டியாப் புடிம்மா. வுழுந்துடப் போவுது" என்றேன்.

"கெட்டியாப் புடிச்சா செத்துப்பூடும். நமக்கெல்லாம் வயித்துக்கு மேல ஒரு சவ்வு கீது, அது ஏறி எறங்கி மூச்சு வாங்கும். பட்சிக்கு அது கெடையாது. நெஞ்செலும்பத் தூக்கித் தூக்கித்தான் மூச்சு. நீ பாசத்துல இறுக்கின்னு வெச்சிக்க, ரெண்டு நிமிஷம், தல தொங்கிப்பூடும்."

டாக்டர் கண்ணாடி வைத்து விரலைப் பார்த்தார். "முழிச்சிருக்கும்போது இதை வெட்ட முடியாது ஐயா. பயத்திலேயே இதயம் நின்னுடும். மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். இப்ப முடியாது, தீனிப் பை நிறைய இருக்கு." கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே உப்பியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "மயக்கத்துல இது மேல வந்து மூச்சுக்குழாய்ல இறங்கினா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குக் காலையில எட்டு மணி. ராத்திரி அதுவா தூங்கிடும். விடிஞ்ச பிறகு ஒரு பருக்கை குடுக்காதீங்க. தண்ணி மட்டும்."

"நாளைக்கு வரைக்கும் தாங்குமா?"

"எட்டு மணி வரைக்கும் விரல் தாங்கும். அதுக்கு மேல தள்ளத் தள்ள என்னால உறுதி சொல்ல முடியாது."

தங்கபுஷ்பம் தராசில் நிறுத்தி, நானூற்றுப் பதினெட்டு கிராம் என்று சீட்டில் எழுதிக்கொண்டாள்.

இந்தப் பெண்ணின் கதையை நான் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றுக் கரையில் குடிசை. ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. என்னைவிட நாலு வகுப்பு ஜாஸ்தி. காந்தி நகரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். ஒரே மகன் சேரன், அவனுக்குக் குழந்தையிலிருந்து மூச்சிழுப்பு. குடிசையில் கரண்ட் போனால் பையன் முகம் தெரியாது. அதனால் அவன் விலாவில் உள்ளங்கையை வைத்தபடியே தூங்கப் பழகினாள். மூச்சு சீராக இருந்தால் அவள் தூங்குவாள். கொஞ்சம் இழுத்தால் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவாளாம். பதிமூன்று வருஷம் அப்படி. பையன் இப்போது திடமாகக் கார் ஓட்டுகிறான்.

பெருவெள்ளத்துக்குப் பிறகு அவர்களைப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை அடையாறில், வீடு அங்கே. விடியும் முன்னால் பஸ். வீட்டு வேலை விட்டுப்போய், இந்த ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். ஒரு நாள் கொண்டை வைத்த சின்னக் கிளி ஒன்று கை நழுவி பிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது. நாலு பேர் துடைப்பமும் துண்டுமாக விரட்டுகிறார்கள். இவள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள். அரை நிமிஷத்தில் கிளி அவள் கையில் இருந்தது. டாக்டர் மதுமதி அன்றைக்கே அவளிடமிருந்து துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, பறவை பிடிக்கிற வேலையைக் கொடுத்தார். இதயத் துடிப்பைக் கேட்கிற மிஷின் அங்கே உண்டு. ஆனால் மயக்கம் கொடுக்கும்போது தங்கபுஷ்பத்தின் கண்ணும் கையும் இல்லாமல் டாக்டர் கத்தரியை எடுப்பதில்லை. ஆறு வருஷத்தில் எத்தனை பறவை என்று கேட்டேன். "அத்த யாரு எண்ணிக்கினு இருந்தாங்க?" என்றாள். "மூச்சதான் எண்ணுவேன்."

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நான் நாலு மணிக்கு எழுகிறவன், அறுபது வருஷப் பழக்கம். ஐந்தே முக்காலுக்கு அசோக் நகர் வீட்டில் எனக்கு இட்லி வந்தது. ஜிப்பு தினமும் என் தட்டில் சாப்பிடும். அன்றைக்கும் தட்டுச் சத்தம் கேட்டதும் ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கம்பியின் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்தது.

ஒன்பது வயதில் பனகல் பார்க் எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். ஒரு காலை பட்டினியில் மயங்கி விழுந்து பன்னிரண்டு கிளாஸை உடைத்தேன். முதலாளி அடித்தார். அன்றைக்கு மனசில் ஒன்று வைத்துக்கொண்டேன். எனக்கென்று கடை வந்தபோது அதைச் சட்டமாக்கினேன். என்னிடம் வேலை செய்கிற முப்பத்தொரு பேரும் காலையில் என் செலவில் சாப்பிட்டுவிட்டுத்தான் கடையில் நிற்பார்கள். வெறும் வயிற்றோடு ஒருவனை வேலைக்கு அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சட்டத்தைத்தான் நான் கிளிக்கும் போட்டேன். ஆபரேஷனுக்குப் போகிற உயிரைப் பட்டினியாகவா அனுப்புவது? டாக்டர் என்றால் நாலு சொல்லத்தான் சொல்வார்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, நான் பார்க்காததா என்று நினைத்தேன். சட்னி தொடாமல் அரை இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். நன்றாகத்தான் சாப்பிட்டது.

ஏழரைக்கு ஆஸ்பத்திரி. தங்கபுஷ்பம் உள் அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"காலீல இன்னா சாப்ட்டுச்சி?"

"ஒண்ணும் இல்ல. தண்ணி மட்டும்."

சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு என்னால் பின்வாங்க முடியாது. என் வியாபாரத்தில் ஒரு விலை சொன்னால் அது சொன்னதுதான்.

உடம்பு சூடாக இருக்கட்டும் என்று ஜிப்புவை உள்ளே வெதுவெதுப்பான பெட்டியில் பத்து நிமிஷம் வைத்தாள். பிறகு தராசில் வைத்தாள். சீட்டைப் பார்த்தாள், மறுபடி தராசைப் பார்த்தாள். இரண்டு விரலால் கிளியின் கழுத்துக்குக் கீழே மெல்லத் தடவினாள்.

"நேத்து நானூத்திப் பதினெட்டு. இப்ப நானூத்தி இருவத்தி ஏழு. ராத்திரி பூரா ஒண்ணும் துன்னாம எட ஏறுமா நைனா? பை மாவா கீது. மெத்து மெத்துன்னு கீது."

டாக்டர் வந்துவிட்டார். கல்லாவைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் பரத்வாஜும் சத்தம் கேட்டு வந்தார். வெளியே பெஞ்சில் நாயோடு ஒரு அம்மாள், முயலோடு ஒரு பையன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

"உன் தராசு சரியில்ல" என்றேன். "நாப்பது வருஷமா நான் அளந்து வித்துக்கினு கீறேன். எனக்கே தராசா?"

"தராசு பொய் சொன்னா என் வெரலுமா பொய் சொல்லும்? இன்னா குடுத்த, சொல்லிடு. தப்பில்ல. இன்னாதுன்னு தெரிஞ்சா எத்தினி நேரம் காக்கணும்னு டாக்டரம்மா சொல்வாங்கோ."

தப்பில்லை என்று அவளே சொன்னாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண் அவளுடைய டிபன் டப்பாவில் போய் நின்றது. அதில் இட்லி. ஒன்று பாதி பிட்டு இருந்தது. பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"என்னியக் கேக்குறியே, பத்து நிமிஷம் உள்ள உங்கிட்டதான இருந்துச்சி. உன் டப்பாவுல இன்னா கீதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தங்கம், நீ எதுவும்..." என்று டாக்டர் இழுத்தார்.

"நான் குடுப்பேனாம்மா?"

உள் அறையில் கேமரா கிடையாது. கல்லாவுக்கு மேல்தான் இருக்கிறது. பரத்வாஜ் மயிலாப்பூர்க்காரர், விதி என்றால் விதி. "மயக்கத்துக்கு வர்ற பறவை இருக்கற ரூம்ல டிபனைத் திறந்து வெச்சுண்டதே தப்பு. போன மாசம்தானே எழுதி ஒட்டியிருக்கேன்? ஒரு நாள் சம்பளம் கட். இன்னிக்கு நீ பறவை எதையும் தொட வேண்டாம். ஆத்துக்குப் போ, நாளைக்குப் பேசிக்கலாம்."

டாக்டருக்கு மனமில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் கிளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் நீலக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

"பதினொன்றரை வரைக்கும் காத்திருக்கணும்" என்றார் டாக்டர். "பை காலியாகணும்."

"வெரலு?"

"பார்க்கலாம் ஐயா."

உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஊதாவாக இருந்த விரல் எட்டரைக்கு நுனியில் கறுத்துவிட்டது. ஜிப்பு கூண்டின் மூலையில் இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. மிஷின் சத்தம் இல்லை, மீட்டர் எவ்ளோ இல்லை. கிளி தன் வியாதியைக் கடைசி வரைக்கும் மறைக்குமாம், காட்ட ஆரம்பித்தால் நிலைமை மோசம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன்.

அப்போது உள்ளே பிரபு என்கிற பையனுக்கு டாக்டர் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். பெரிய நாய்களைப் பிடிக்கச் சேர்த்த ஆள், கை உலக்கை மாதிரி. தங்கபுஷ்பம் இல்லாததால் ஜிப்புவை அவன்தான் பிடிக்க வேண்டும். பழகட்டும் என்று நகம் வெட்ட வந்த ஒரு சின்னக் கிளியை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிறேன். உள்ளங்கையில் முழுசாகப் பொத்திக்கொண்டான். கிளி வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பிரபு! நெஞ்சை விடு! விடு!" என்று டாக்டர் கத்தினார்.

விட்டான். கிளி பிழைத்தது, கொஞ்ச நேரம் வாயைப் பிளந்தபடி கிடந்து எழுந்தது. பயலுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரெண்டு நிமிஷம், தல தொங்கிப்பூடும் என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. என் கிளியை உயிரோடு பிடிக்கத் தெரிந்த கையை நானே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் அடையாறு மெயின் ரோட்டில் அப்படி ஓட இன்னொருவனால் முடியாது. பஸ் ஸ்டாப்பில் அவள் இருந்தாள். டப்பாவைத் திறந்து மிச்ச இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, இதுலயும் பங்கு கேக்க வந்துட்டியா?"

எனக்கு மூச்சு வாங்கியது. சட்டைப்பையிலிருந்து நாலு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன். "வாம்மா. இத்த வெச்சிக்க. கிளிய வந்து புடி. அந்தப் பையன் கொன்னுடுவான்."

அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. "பிரபு புதுசு. கத்துப்பான். நீ போ."

"ரெண்டாயிரம் கீதும்மா."

"உன் காச நீயே வெச்சிக்க. ஆறு வருஷமா அந்த எடத்துல என் கைய நம்புறாங்கோ. நீ ஒரு வார்த்தைல அத்தத் தூக்கிப் போட்ட. அல்லாரும் இருக்கச்சொல்லோ சொன்ன இல்ல? அல்லாரும் இருக்கச்சொல்லோ திருப்பிச் சொல்லு. நாய்க்கார அம்மா, மொசல்காரப் பையன், பரத்வாஜ் சார், அல்லாரும்."

"டாக்டராண்ட தனியாச் சொல்றேன்."

பெரும்பாக்கம் பஸ் வந்து நின்றது. அவள் டப்பாவை மூடி எழுந்தாள். ஒரு காலைப் படியில் வைத்தாள். "இத்த வுட்டா அடுத்தது முக்கா மணி நேரம். சொல்றியா, நான் ஏறட்டா?"

கண்டக்டர் விசில் வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். நான் யாரிடமும் தலை குனிந்தவன் இல்லை. போலீஸ்காரனிடமும் வரி ஆபீசரிடமும் நிமிர்ந்து பேசினவன்.

"சொல்றேன்" என்றேன்.

காலைக் கீழே வைத்தாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இப்போது ஆள் இன்னும் ஜாஸ்தி. நடுவில் நின்றேன். "கிளிக்கு இட்லி குடுத்தது நான்தான்" என்றேன். "காலைல அஞ்சே முக்காலுக்கு. அர இட்லி. சட்னி இல்ல. இந்தம்மா மேல ஒண்ணும் இல்ல. நான் சொன்னது பொய்."

முயல் வைத்திருந்த பையன் சிரித்துவிட்டான். நாய்க்கார அம்மாள் அவனை முறைத்தார். டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, "அஞ்சே முக்கால்னா ஒன்பதே முக்காலுக்கே ஆரம்பிக்கலாம். இதை அப்பவே சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்றார். தங்கபுஷ்பம் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பரத்வாஜ் கண்ணாடியைத் துடைத்தார். "சார், நான் கட் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே. ஏத்தினது அபராதக் கணக்குல போயிடுத்து, இங்கேர்ந்து நான் திருப்ப முடியாது. தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போடறேன். வருமா வராதான்னு எனக்கே தெரியாது."

"அது என் கடன்" என்றேன். "நான் குடுக்கறேன்."

ஒன்பதே முக்காலுக்கு அவள் மறுபடி பையைத் தடவிப் பார்த்து, "காலி" என்றாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

முதலில் மூக்குத் துளையில் மருந்து சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஊசியில்லை. ஐந்து நிமிஷத்தில் ஜிப்புவின் கண் பாதி மூடியது. துண்டோடு தூக்கிச் சூடான மெத்தை மேல் மல்லாக்க வைத்தாள். அலகின் மேல் சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்றைக் கவிழ்த்தார்கள், அதன் வழியாக மயக்கக் காற்று. மிஷின் டொக்கு டொக்கென்று இதயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அதைக் கேட்கவில்லை. குனிந்து நெஞ்சையே பார்த்துக்கொண்டு எண்ணினாள், எனக்கு வெளியே கேட்கும்படி. ஒண்ணு. ரெண்டு. மூணு.

டாக்டர் நூலின் ஒரு சுற்றை வெட்டினார். இரண்டாவது. மூன்றாவது வெட்டும்போது எண்ணுகிற சத்தம் மெதுவானது. பதினாலு. பதினஞ்சு. அப்புறம் இல்லை.

"அம்மா. நின்னுச்சி."

மிஷின் இன்னும் டொக்கு டொக்கென்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் கத்தரியைப் போட்டுவிட்டு மயக்கக் காற்றை மூடினார், வெறும் ஆக்சிஜனைத் திறந்தார். தங்கபுஷ்பம் இரண்டு விரலால் நெஞ்செலும்பை மெல்லத் தூக்கி இறக்கினாள். தூக்கி இறக்கினாள். நான் எண்ணினேன். எனக்கு எண்ணத் தெரியும், கணக்கில் என்னை எவனும் ஏமாற்றியதில்லை. ஆறு, ஏழு, எட்டு. அரை இட்லி. ஒன்பது, பத்து. கண்ணாடியில் என் நெற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று.

"ஒண்ணு" என்றாள் தங்கபுஷ்பம்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்ச இரண்டு சுற்றையும் குறைந்த மயக்கத்திலேயே எடுத்தார்கள். மயக்கத்தை முறிக்க ஒரு ஊசி போட்டார்கள். பிறகு தங்கபுஷ்பம் ஜிப்புவைத் துண்டில் சுற்றி, தலை நிமிர்ந்திருக்கும்படி மார்போடு வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். கூண்டில் விட்டால் தடுமாறி விழுந்து கழுத்து முறியுமாம். இருபது நிமிஷம் அவள் அசையவில்லை. ஜிப்புவின் தலை தொங்கும், நிமிரும், மறுபடி தொங்கும். ஒவ்வொரு தடவை தொங்கும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது.

"ஆ!" என்றாள் திடீரென்று. விரலை உதறினாள், ரத்தம். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "கடிச்சிடுச்சி! நைனா, கடிச்சிடுச்சி பாரு! நல்லாக் கீது!"

பணத்தை எடுத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மயக்கம் குடுத்த அன்னிக்கு பட்சிக்காரங்க கையால நான் காசு வாங்க மாட்டேன். எவ்ளோ குடுத்தாலும்." ஒரு தடவை ஒருத்தர் சந்தோஷத்தில் ஐநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று ராத்திரியே அவர் கிளி செத்துப்போனது. மறுநாள் அவர் வெறும் கூண்டோடு வந்து நின்றபோது அந்த நோட்டு இவள் இடுப்பில் இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, செலவழிக்கவும் முடியவில்லை. "மூணு நாள் போவட்டும். தெனம் காலைல நிறுத்திப் பாத்து எனக்குப் போன் பண்ணு. நாலாம் நாள் கட்டு பிரிக்கக் கூட்டியா. அப்ப குடு."

அந்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வெளியே தீபாவளிக் கூட்டம், வருஷத்தில் பாதி வியாபாரம் அந்த வாரத்தில்தான். நான் கல்லாவை விட்டுவிட்டு வீட்டில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மூச்சை எண்ணினேன். எச்சத்தின் நிறம் பார்த்தேன். பொத்தான் நிறுக்கிற தராசைக் கடையிலிருந்து கொண்டுவந்தேன். திங்கட்கிழமை நானூற்று ஒன்பது.

"எறங்கிடுச்சேம்மா" என்று போனில் கத்தினேன்.

"எறங்கும். மெத்துன்னு இன்னாத்தயாவது குடு. இப்ப இட்லி குடுக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செவ்வாய் நானூற்று ஐந்து. அவள் "தண்ணி குடிக்கிதா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. யாராவது என்னைச் சாப்பிடச் சொன்னால் எரிந்து விழுந்தேன். புதன் காலை நானூற்றுப் பதினொன்று. சொன்னேன். "சரி, வை" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் மூன்று நாள் காத்திருந்தேன்.

வியாழக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். விரலின் நுனி காய்ந்துவிட்டது, நகத்தோடு உதிர்ந்துவிடும் என்றார் டாக்டர். மற்ற பாகம் இளஞ்சிவப்பாக இருந்தது. ஜிப்பு மேஜை மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றது. டாக்டரின் கோட்டு ஜிப்பை மூக்கால் இழுத்தது.

நான் தங்கபுஷ்பத்திடம் ஐநூறு ரூபாய் நோட்டுக் கட்டை நீட்டினேன். பத்து நோட்டு இருக்கும்.

"இது இன்னா?"

"வெச்சிக்கம்மா. சந்தோஷமாக் குடுக்கறேன்."

"எனக்கு உன் சந்தோஷம் வாணாம் நைனா. அறுநூத்தம்பது. ஒரு நாள் சம்பளம்."

"சில்லற இல்லம்மா."

"மூணு கட வெச்சிக்கிறன்ற, சில்லற இல்லியா? வெளில ஜூஸ் கட கீது."

போய் ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் குடித்து இரண்டு நோட்டுக்குச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். திரும்பி வந்தபோது அவள் கைகழுவிக்கொண்டு நின்றிருந்தாள். பரத்வாஜ் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் வலது கையை நீட்டி விரித்தாள். கிளி கடித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"எண்ணி வை" என்றாள்.

நான் எண்ணினேன். நூறு. இருநூறு. முன்னூறு. நானூறு. ஐநூறு. அறுநூறு. அதன் மேல் ஒரு ஐம்பது.